விளக்கு எரிகிற வரைக்கும்

வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாக எங்கள் நிலையத்துக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடிந்தால் போதும், ஆளாளுக்கு ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்வார்கள். நான் திறப்பதேயில்லை. போன வாரம் ஸ்நேகா ஒரு படம் போட்டிருந்தாள். அதை ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை, திறந்துவிட்டேன்.

ஸ்நேகா என்னிடம் வேலை பழகியவள். பம்பாயை ஒட்டிய வாஷியில் ரேடியோ நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். செம்பூர்ப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது, அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். எனக்கு அதைப் படித்து முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். படத்தில், ஸ்டூடியோச் சுவரில் இருந்த சிவப்பு விளக்குப் பெட்டி ஒயர் தொங்கத் தரையில் கிடந்தது. கீழே எழுதியிருந்தாள்: "சார், பெரிய ஸ்டூடியோவை இடிக்கறோம். இனிமே லைவ் கிடையாது. எல்லாம் ரெக்கார்ட் பண்ணி வெட்டி ஒட்டறதுதான். இந்த லைட் உங்களுக்கு வேணுமா?"

வேணும் என்று எழுதினேன். அழித்தேன். வேண்டாம் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அந்த விளக்கால் எனக்கு நடந்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. அதைச் சொல்லிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

விளக்கைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். கன்ட்ரோல் ரூம் மேஜையில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் நகர்கிற ஒரு குமிழ் உண்டு; ஃபேடர் என்போம். அதை மேலே தள்ளினால் மைக் உயிர் பெறும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதற்கு நேர் மேலே ஸ்டூடியோச் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். கீழே இறக்கினால் மைக் சாகும், விளக்கும் அணையும். விளக்குக்கென்று தனி சுவிட்சு கிடையாது. மைக் திறந்திருக்கும்வரை நான் பேசுவது உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கவும் கேட்காது. கண்ணாடி வழியாகக் கையைக் காலை ஆட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஐடிஐ படித்தேன். குர்லாவில் ரேடியோ ரிப்பேர் கடையில் கையைச் சுட்டுக்கொண்டேன். வாஷி நிலையத்தில் ஆள் எடுத்தபோது உள்ளே நுழைந்தேன். அங்கே என்னை மனிதனாக்கியவர் ராஜி மேடம். நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

ராஜி மேடம் மாட்டுங்காக்காரர். தினமும் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, வாஷி வந்து சேருவார். கழுத்தில் சங்கிலி இருக்காது. ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஸ்டூடியோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். நாங்களும் கழற்ற வேண்டும். கழற்றும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நம் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். குரல் உயர்த்தித் திட்டியதும் கிடையாது. தப்புச் செய்தால் "ம்" என்பார். நன்றாகச் செய்தாலும் "ம்" என்பார். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதிலேயே என் பாதி சர்வீஸ் போய்விட்டது.

அவருக்கு மூன்று சட்டங்கள். விளக்கு எரியும்போது கதவைத் தொடக் கூடாது. நேரம் முடிந்தது என்று உள்ளே இருப்பவருக்குக் காட்ட, ஆள்காட்டி விரலால் காற்றில் வட்டம் போட வேண்டும்; மற்ற நிலையங்களில் செய்வதுபோலக் கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை காட்டவே கூடாது. "ஆத்துக்கு வந்தவாளைப் பார்த்துக் கழுத்தறுக்கற மாதிரி காமிப்பேளா?" என்பார். மூன்றாவதுதான் பெரியது. வாசித்துக்கொண்டிருக்கிறவரை நடுவில் வெட்டக் கூடாது. "எப்பேர்ப்பட்ட வித்வானும் ஒரு எடத்துல மூச்சு விடுவார், சண்முகம். அதுக்குக் காத்துண்டிருந்து மெதுவா எறக்குங்கோ. நடுவுல எறக்கறது சாப்பிட்டுண்டிருக்கறவா எலைய உருவற மாதிரி."

ஒருமுறை வயதான பாடகர் ஒருவர், தனக்குக் கொடுத்த நேரமெல்லாம் தாண்டி ஆலாபனையில் மிதந்துகொண்டே போனார். நான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். ராஜி மேடம் என் பக்கத்தில் ஸ்டாப்வாட்சைக்கூடப் பார்க்காமல் நின்றார். பெரியவர் தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்த கணத்தில், "இப்போ" என்றார். இறக்கினேன். கேட்டவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அழகாக முடித்துவிட்டார் என்று பாராட்டினார்கள். அன்று மேடம் சொன்ன "ம்" நல்ல "ம்" என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

இப்போது பேண்டு செட்டுக்கு வருகிறேன்.

மாட்டுங்காவில் ஒரு நாள் டாக்சியில் போகும்போது அம்மன் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டாராம் ராஜி மேடம். ஊர்வலம் நகர்கிறவரை வண்டியிலேயே உட்கார்ந்து பேண்டு செட்டைக் கேட்டிருக்கிறார். மறுநாள் வந்து, "தாராவி பேண்டு ஒண்ணைக் கூப்பிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை தமிழ் நிகழ்ச்சியில லைவ்" என்றார். கர்நாடக சங்கீதத்தைத் தவிர வேறெதற்கும் தலையாட்டாதவர். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ரெக்கார்ட் பண்ணிடலாமே மேடம்?" என்றேன்.

"தெருவுல வாசிக்கறவாளுக்கு ரெண்டாவது டேக் ஏது?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து இறங்கியதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். காலையில் பாண்டுப்பில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் டெம்போவில் ஏறியிருக்கிறார்கள். வழியெல்லாம் நெரிசல். எங்களுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. வாசலில் நின்று நான் பம்பாயிலிருந்து வருகிற பாலத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புக் கோட்டும் தங்க ஜரிகையுமாக, தலையில் மஞ்சள் அரிசியோடு ஒரு கூட்டம் டெம்போவிலிருந்து குதித்தது.

"எறக்குங்கல டிரம்ம! ஜல்தி, ஜல்தி!" என்று கத்தியபடி முன்னால் வந்தவர் இசக்கிமுத்து. அவர்தான் செட்டுக்குத் தலைவர், கிளாரினெட் வாசிப்பவர். பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தவர் காதர் பாய். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இருப்பது தாராவியில்.

டிரம் லிஃப்டில் நுழையவில்லை. படியில் தூக்கினார்கள். ஸ்டூடியோவில் நாற்காலி போட்டால், "ஒக்காந்து வாசிச்சா எங்களுக்கு வராது சார்" என்றார்கள். நிற்க வைத்தால், வாசிக்கும்போது நின்ற இடத்திலேயே கால் நடக்கிறது; பூட்ஸ் சத்தம் மைக்கில் விழுகிறது. பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். ராஜி மேடம் அவர்களுடைய வெறுங்காலைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். செல்போன்களையெல்லாம் வாங்கி வெளியே ஒரு தட்டில் வைத்தோம்.

இசக்கிமுத்து மட்டும் போனைக் கொடுக்க மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன இசக்கி, பயமா?" என்றேன்.

"ரேடியோவுக்குப் பயப்படல சார். எங்க கோயிலுக்குத்தான் பயப்படுதேன்" என்றார். பிறகு மளமளவென்று கொட்டினார்.

தாராவியில் அவர்கள் குடியிருக்கிற கல்லிச் சந்தில் ஓர் அம்மன் கோயில். வருஷா வருஷம் கொடைத் திருவிழாவுக்கு இசக்கியின் செட்டுதான் வாசிக்கும். இந்த வருஷம் வாலிபப் பிள்ளைகள், லாரியில் ஸ்பீக்கர் அடுக்கிக் கரண்டில் வாசிக்கிற பெஞ்சோ பார்ட்டி வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்கள். கோயில் தலைவர் பொன்னுப்பாண்டி அண்ணாச்சி இரண்டு பக்கமும் பேச முடியாமல் ஒரு வழி சொல்லியிருக்கிறார். இன்றைக்குக் கால்நாட்டு, கொடைக்குப் பந்தக்கால் நடுகிற நாள். "பம்பாயில அம்மனுக்கும் ஞாயித்துக்கிழமைதான் லீவு" என்றார் இசக்கி, அந்தப் பதற்றத்திலும். மத்தியானம் தீபாராதனைக்கு எங்கள் நிகழ்ச்சியைச் செல்போனில் பிடித்துக் கோயில் மைக் செட்டில் போடப் போகிறார்கள். தெருவே கேட்கும். நன்றாக அமைந்தால் கொடை இசக்கிக்கு. இல்லையென்றால் பெஞ்சோ பார்ட்டிக்கு.

"துட்டு போனா போவுது சார். எங்க அம்மன் எங்க வாசல்ல வரும்போது எவனோ வாசிக்க, நாங்க பொண்டாட்டி புள்ளயோட ஓரமா நின்னு வேடிக்க பாக்கவா? அதுக்கு நான் ஊருக்கே போயிருவேன்" என்று சொல்லிப் போனைத் தட்டில் வைத்தார்.

நான் ஏதோ ஒரு நிகழ்ச்சி, முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடலாம் என்றிருந்தவன். இப்போது ஒரு மனிதனின் மானம் மரியாதை எல்லாம் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

ராஜி மேடம் உள்ளே போய் அவர்களுக்கு வழக்கமான பாடத்தைச் சொன்னார். அப்படியே நினைவிருக்கிறது. "அதோ அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கோங்கோ. அது எரிஞ்சதும் ஆரம்பிங்கோ. அது எரிஞ்சிண்டிருக்கற வரைக்கும் பேசப்படாது, இருமப்படாது. வாசிப்பு மட்டும்தான். ரெண்டு பாட்டு. சரியா?"

எல்லோரும் பக்தியோடு விளக்கைப் பார்த்துத் தலையாட்டினார்கள். காதர் பாய்கூட.

ஃபேடரை மேலே தள்ளினேன். விளக்கு எரிந்தது. அடேயப்பா! அந்த அறையில் நான் வீணை கேட்டிருக்கிறேன், புல்லாங்குழல் கேட்டிருக்கிறேன். இப்படிச் சுவர் அதிர ஒன்றைக் கேட்டதில்லை. முதல் பாட்டு முடிந்து இடைவெளி விடாமல் இரண்டாவதுக்குத் தாவினார்கள். ஒலி அளவு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ராஜி மேடம் கன்ட்ரோல் ரூமில் என் முன்னால், கண்ணாடிக்கு ஒட்டினாற்போல், எனக்கு முதுகு காட்டி நின்றார்.

இரண்டாவது பாட்டு முடிகிற இடம் வந்தது. நான் ஃபேடரில் விரலை வைத்தேன். அவர்கள் நிறுத்தவில்லை. கெட்டிமேளம் மாதிரி ஒன்றைத் தொடங்கினார்கள்.

நேரம் முடிந்துகொண்டிருந்தது. மணி அடித்ததும் தில்லியிலிருந்து வருகிற செய்தியை எங்கள் நிலையத்திலும் ஒலிபரப்ப வேண்டும். அது யாருக்காகவும் காத்திருக்காது. ராஜி மேடம் கையை உயர்த்தி விரலால் வட்டம் போட்டார். இசக்கி அதைப் பார்த்தார், பலமாகத் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் வாசிப்பு இன்னும் வேகம் பிடித்தது. பிறகுதான் சொன்னார்கள்: தெருவில் வாசிக்கும்போது யாராவது விரலைச் சுற்றினால், இன்னும் ஒரு சுற்று வாசிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தமாம்.

சரி, மூச்சு விடுகிற இடத்தில் இறக்கிவிடலாம் என்று காத்திருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அந்த இடம் வரவே இல்லை! கிளாரினெட் மூச்சு வாங்கினால் டிரம்பெட் பிடித்துக்கொள்கிறது. டிரம்பெட் விட்டால் இன்னொருவர் தூக்கிக்கொள்கிறார். எல்லோரும் ஓய்ந்தால் காதர் பாய் ஓயவில்லை. எத்தனையோ வித்வான்களுக்கு இறக்கிய விரல் இது. எங்கே இறக்குவது என்று தெரியாமல் ஃபேடரிலேயே கிடந்தது.

இவர்களுக்கு என்ன ஆகிவிட்டது? வேண்டுமென்றே செய்கிறார்களா? தெருவே கேட்கிறது என்பதால் நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்களா? கோபம் வந்தது. உடனே இசக்கியின் முகத்தைப் பார்த்தேன். மனிதர் நெற்றி நரம்பு புடைக்க, கண் பிதுங்க வாசித்துக்கொண்டிருக்கிறார். பார்வை என் தலைக்கு மேலே எங்கேயோ நிற்கிறது. 'எப்போது விடுவீர்கள்' என்று கேட்கிற முகம் அது. நிறுத்த வேண்டியது அவர், அவர் ஏன் என்னைக் கேட்கிற மாதிரி பார்க்கிறார்? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அப்போது ராஜி மேடம் ஒரு காரியம் செய்தார். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பினார். ஐயோ, மேடமே கெஞ்சுகிற நிலைமை வந்துவிட்டதே என்று நினைத்தேன். உள்ளே அதைப் பார்த்தவர்கள் இன்னும் உச்சத்துக்குப் போனார்கள்.

மணி அடித்துவிட்டது. செய்தி தொடங்கிவிட்டது, எங்கள் நிலையத்தில் மட்டும் பேண்டு ஓடுகிறது. ராஜி மேடம் திரும்புவார், ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. கை கூப்பியபடியே நின்றார்.

இறக்கினேன். மூச்சு விடாத இடத்தில், நட்டநடுவில், ஃபேடரை அடி வரைக்கும் இழுத்தேன். செய்தியின் ஃபேடரை மேலே தள்ளினேன், அதற்குள் தலைப்புச் செய்தி போயே போய்விட்டது. உள்ளே சிவப்பு விளக்கு அணைந்தது.

அணைந்த அந்த நொடியே அத்தனை பேரும் டக்கென்று நிறுத்தினார்கள். ஒரு குச்சி கூட மிச்சம் அடிக்கவில்லை. இசக்கி கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "ஏன்யா நிறுத்தல? மேடம் அவ்வளவு காட்டினாங்களே!"

"எப்படி சார் நிறுத்த?" இசக்கிக்கு மூச்சு வாங்கியது. "வெளக்கு எரியுதுல்லா! வெளக்கு எரியுத வரைக்கும் வாசிக்கணும்னு அந்தம்மாதான சொன்னாவ. நாங்களும் எப்ப அமத்துவீயன்னு பாத்துக்கிட்டே இருக்கோம். நீங்க அமத்த மாட்டேங்கிய!"

"கோயில்ல அப்படித்தான் சார்" என்றார் காதர் பாய், கையை உதறிக்கொண்டு. "தட்டுல கற்பூரம் எரியுத வரைக்கும் மேளம் நிக்கப்படாது. ஒருத்தன் மூச்சு வாங்குனா அடுத்தவன் புடிச்சிக்கிடணும். நடுவுல நின்னுச்சுன்னா சாமி குத்தம்னு எங்க தோல உரிச்சிருவாவ."

அவர்கள் நிறுத்தட்டும் என்று நான் காத்திருந்திருக்கிறேன். நான் அணைக்கட்டும் என்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். யாரைத் திட்டுவது?

அப்போதுதான் இசக்கிக்கு உறைத்தது. "சார், கடைசியில எப்படி முடிஞ்சுது? ரேடியோவுல எப்படிக் கேட்டிருக்கும்?"

எப்படிச் சொல்வேன்! "நடுவுல... கட் ஆயிருக்கும், இசக்கி" என்றேன்.

"தீபாராதனைக்கு நடுவுலயா?" என்றார்.

வெளியே தட்டில் ஒரு போன் கத்தியது. இசக்கியுடையது. அவருடைய மனைவி செல்வி கோயிலிலிருந்து கூப்பிடுகிறாள். எடுக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். காதர் பாய்தான் போய் எடுத்து வந்து ஸ்பீக்கரில் போட்டார்.

போனுக்குள் அவர்களுடைய மேளம் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளாரினெட் இசக்கியின் மடியில் கிடக்கிறது. தாராவியில் அது வாசித்துக்கொண்டிருக்கிறது. காதர் பாய் தன் இரண்டு கையையும் பார்த்தார். எனக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது; அப்புறம்தான் புரிந்தது. வாஷியிலிருந்து எங்கள் ரேடியோ தாராவிக்குச் சரியாக எட்டாது என்று அவர்கள் செல்போன் ஆப்பில் கேட்கிறார்கள். ஆப்பில் எல்லாமே கொஞ்சம் பிந்தித்தான் போகும். நான் வெட்டியது இன்னும் தாராவிக்குப் போய்ச் சேரவில்லை.

"ஏங்க! கேக்கா?" செல்வி மேளத்துக்கு மேலே கத்தினாள். "ஒங்க மேளம் நிக்க மாட்டேங்குன்னு பூசாரி தட்ட எறக்க மாட்டேங்காரு! கற்பூரத்தப் போட்டுக்கிட்டே இருக்காரு! கை சுடுதுன்னு துண்டச் சுத்திருக்காரு! எப்பதான் நிறுத்துவீய?"

நாங்கள் நிறுத்தியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? தரையில் உட்கார்ந்திருந்த இசக்கியையும் அந்தப் போனையும் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். என் விரல் செய்த காரியம் பாலம் தாண்டி, செம்பூர் தாண்டி, சயான் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் சில நொடியில் அந்தக் கோயில் வாசலில் விழப்போகிறது. பிடித்து நிறுத்த வழியில்லை. இசக்கி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் என் வலது கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன். எதற்கு ஒளித்தேன் என்று கேட்காதீர்கள்.

டக்.

போனில் மேளம் நின்றது. ஒரு சத்தம் இல்லை. தெருவே செத்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒரு குலவைச் சத்தம் கேட்டது. ஒரு பெண் மட்டும். அடுத்து இன்னொரு பெண். அப்புறம் ஒரு தெருப் பெண்கள் மொத்தமும் போட்ட குலவையில் காதர் பாயின் கையிலிருந்த போன் கரகரத்தது.

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். "ஏங்க! கற்பூரமும் அணைய, மேளமும் நிக்க! ஒண்ணுபோல! தாயே, ஒண்ணுபோல!"

இதில் உண்மை என்ன என்று நான் அப்புறம் எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். கற்பூரம் அணைந்தது, உடனே மேளம் நின்றது என்பது செல்வியின் கட்சி. கற்பூர டப்பா காலியாகி, கடைசிக் கட்டி எரிந்துகொண்டிருந்தது என்கிறார் ஒருவர். மேளம் நின்றதும் 'விட்டது சனி' என்று பூசாரி தட்டைக் கவிழ்த்தார் என்கிறார் இன்னொருவர். பூசாரியைக் கேட்டால் கையில் இருக்கிற தழும்பை மட்டும் காட்டுகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போனில் ஒரு கனத்த குரல் வந்தது. பொன்னுப்பாண்டி அண்ணாச்சி. "எல இசக்கி! ரேடியோ பொட்டிக்குள்ள இருந்துக்கிட்டு, இங்க தட்டுல கற்பூரம் எரியுதது ஒனக்கு எப்படில தெரிஞ்சுது?"

இசக்கி என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வெளக்கு எரிஞ்சுது அண்ணாச்சி" என்றார். "அமந்ததும் நிறுத்திட்டோம்."

"தாயே!" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "கொடை ஒனக்குத்தாம்ல. பெஞ்சோக்காரன வரண்டாம்னு சொல்லிருதேன். சீக்கிரம் வாங்க, பந்தக்கால் காத்துக்கிட்டு இருக்கு."

பூட்ஸைக்கூடப் போடாமல் ஓடினார்கள். டிரம் படியில் இடித்து இடித்து இறங்கியது. டெம்போ கிளம்பிய பிறகும் உள்ளே வாசித்துக்கொண்டே போனது கேட்டது. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஸ்டூடியோத் தரையெல்லாம் மஞ்சள் அரிசி.

ராஜி மேடம் கண்ணாடிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன். செய்தி போனதற்கு மேலிடத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எறக்கறச்சே அவா மூச்சு விட்டாளா, சண்முகம்?" என்றார்.

"இல்லை மேடம். நடுவுலதான் எறக்கினேன்."

"ம்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். நானும் பிறகு பெற்றேன். அது எந்த "ம்" என்பது மட்டும் எனக்குத் தெரியவேயில்லை.

அந்த வருஷக் கொடைக்கு இசக்கி வீட்டுக்கே வந்து அழைத்தார். போனேன். மத்தியானக் கொடை. பூசாரி கற்பூரத் தட்டைத் தூக்கினார், மேளம் உச்சத்துக்குப் போனது. கற்பூரம் எரிந்து அணைந்தது. மேளம் நிற்கவில்லை. பூசாரி திகைத்துப் போய் இன்னொரு கட்டியைப் பற்றவைத்தார். ஏதோ குழப்பம் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். செல்வி என் முழங்கையைத் தொட்டாள்.

"அண்ணாச்சி, அவுக ஒங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருக்காவ."

"என் கையையா? எதுக்கும்மா?"

"அன்னைக்கு நீங்கதான அமத்துனீய."

பார்த்தேன். இசக்கி, காதர் பாய், டிரம்பெட்காரர்கள் எல்லோருடைய கண்ணும் என் வலது கையில். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கை தானாக முன்னால் போய், இல்லாத ஃபேடரைப் பிடித்துக் கீழே இறக்கியது. டக்கென்று நின்றார்கள். குலவை எழுந்தது.

அப்புறம் இசக்கியைப் பிடித்துச் சண்டை போட்டேன். "ஏன்பா, கற்பூரத்தைப் பார்த்து நிறுத்தறதுதானே உங்க வழக்கம்?"

"வழக்கம்தான் அண்ணாச்சி. இனிமே இதுவும் வழக்கம்."

வருஷா வருஷம் போய்க் கையை இறக்கிவிட்டு வருகிறேன். மூட்டு வலி, காய்ச்சல் என்று சொன்னாலும் டெம்போவைச் செம்பூரில் என் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

ஸ்நேகா படம் போட்ட வாரம்தான் இந்த வருஷக் கொடை. இந்தத் தடவை இசக்கி மாட்டுங்காவுக்குப் போய் ராஜி மேடத்தையும் கூட்டி வந்திருந்தார். மேடம் மெலிந்துபோயிருந்தார். கை மட்டும் பழக்க தோஷத்தில் கழுத்துப் பக்கம் போய், இல்லாத ஸ்டாப்வாட்சைத் தேடியது. என் பக்கத்தில் வந்து நின்றார். தீபாராதனை தொடங்கியது.

நான் கையை உயர்த்தி வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் நிற்கும்போது நடுவில் இறக்க எனக்கு மனசு வரவில்லை. எங்காவது ஒரு மூச்சு விடுவார்கள், அதில் இறக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கற்பூரம் ஒன்று போய் இன்னொன்று வந்தது.

ராஜி மேடம் என் காதருகில் குனிந்தார்.

"இவா மூச்சு விட மாட்டா, சண்முகம். எனக்கு அன்னிக்கே கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது."

"அப்போ ஏன் மேடம் கைகூப்பிக் கெஞ்சினீங்க?"

"யார் கெஞ்சினா? சேவிச்சிண்டிருந்தேன்" என்றார். "மணி அடிச்சது கேட்டுது. எனக்கு நிறுத்தச் சொல்ல வாய் வரலை. அதான் உங்க பக்கம் திரும்பலை. எப்படியும் நீங்க எறக்கிடுவேள்னு தெரியும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. என் கை இன்னும் மேலேயேதான் இருந்தது.

"ம்" என்றார். "எறக்குங்கோ. பாவம், பூசாரிக்குக் கை சுடறது."